ப்ளூஸ் பாட்டுக்குள் ஒரு கொலையை வைப்பது எப்படி

ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு) பாடுகிறவர்களை வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுதப்போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: கதையிலிருந்து பாட்டைத் தூக்கிவிட்டால் கொலை நிற்குமா, விழுமா? நிற்கும் என்றால் பாட்டு அங்கே வெறும் சோடனை. கிற்றார்காரனை நகை வியாபாரியாக மாற்றினாலும் கதை அப்படியே ஓடும் என்றால் அதை நகைக்கடைக் கதையாகவே எழுதிவிடலாம். அந்தப் பாட்டு வளர்ந்த அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் வரை போய் மினக்கெடத் தேவையில்லை.

நான் திருகோணமலைக் கோட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். கோட்டு மொழிபெயர்ப்பாளரை முதலியார் என்பது பழைய வழக்கம், அதனால் பழைய ஆட்கள் இன்னும் ‘முதலியார் அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாட்சிக் கூட்டில் நிற்கிறவர் சொல்கிற பொய்யையும் மெய்யையும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வது என் தொழில். அதனாலோ என்னவோ, துப்பறியும் கதைகளில் எனக்குப் பிடித்தது துப்பாக்கியும் துரத்தலும் இல்லை, வாக்குமூலம். ப்ளூஸ் வந்தது அப்பா வழியாக. அவர் டொக்யாட்டில் வேலை செய்தவர். வீட்டில் சாவி கொடுக்கிற கிராமபோன் ஒன்று இருந்தது. தியாகராஜ பாகவதருக்கும் தண்டபாணி தேசிகருக்கும் நடுவே யாரென்று தெரியாத ஓர் அமெரிக்கக் குரலும் எங்கள் விறாந்தையில் பாடிக்கொண்டிருந்தது. கீழே சொல்வது நான் எழுதுகிற முறை.

ஓட்டை எங்கே என்று பாருங்கள்

ப்ளூஸ் சரித்திரத்தில் மர்மத்தை இட்டுக்கட்டத் தேவையில்லை. அந்தப் பாட்டைக் கிராமபோன் தட்டில் ஏற்றியவர்களுக்குப் பாடியவர்கள் மேல் பெரிய அக்கறை இருக்கவில்லை, அதனால் ஓட்டைகள் நிறைய. 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓகே கம்பனிக்குப் பாடிய தட்டு எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து றெக்கோட் வாங்குவார்கள் என்பது கம்பனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு ‘இனத் தட்டுகள்’ என்று தனி வரிசையே போட்டு விற்றார்கள்.

அதில் பரமவுண்ட் கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள் (சினிமாக்காரர் அல்ல). அதன் முதலாளி விஸ்கொன்சின் மாநிலத்தில் இருந்த ஒரு கதிரைத் தொழிற்சாலை. கிராமபோன் பெட்டியும் செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமென்றால் தட்டும் வேண்டுமே என்று தட்டு அடிக்கத் தொடங்கினார்கள். மலிவுச் சரக்கு, இரைச்சல் கூடியது. சார்லி பற்றன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோருடைய அந்தக் காலத்துக் குரல் நமக்குக் கிடைத்திருப்பது அந்தக் கதிரைக் கம்பனியின் தட்டில்தான். பொருளாதார மந்தம் வந்து அமுக்க, 1932இல் கிராப்டன் ஊரில் இருந்த அவர்களுடைய ஒலிப்பதிவு அறை மூடப்பட்டது. கடைசிக் காலத் தட்டுகள் சிலவற்றில் உலகத்திலேயே ஒன்றோ இரண்டோதான் மிச்சம். 1930இல் வில்லி பிரவுண் பாடிய ஒரு தட்டு இன்றுவரை யார் கையிலும் அகப்படவில்லை. வேலை போன கோபத்தில் தொழிலாளர்கள் தட்டுகளை மில்வோக்கி ஆற்றில் விட்டெறிந்தார்கள் என்று ஒரு கதை நெடுங்காலம் உலாவியது. 2006இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சுழியோடிகளை இறக்கித் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை.

பெயர் விஷயத்திலும் இதே கூத்துத்தான். 1929இல் சார்லி பற்றனுடைய தட்டு ஒன்றைப் பெயர் போடாமல், முகமூடி போட்ட ஆளின் படத்தோடு விளம்பரம் செய்து, பாடியவர் யாரென்று கண்டுபிடித்தால் ஒரு தட்டு இனாம் என்று போட்டி வைத்தார்கள். வேறொரு தட்டில் அவருக்கே ஒரு போதகரின் பெயரைப் போட்டார்கள். ஆள்மாறாட்டத்துக்கு இதைவிட வசதியான உலகம் கிடைக்காது. தட்டிலே ஒரு பெயர், சம்பளக் கொப்பியில் வேறொரு பெயர், ஊரிலே கூப்பிடுகிற பெயர் இன்னொன்று. உங்கள் கதையில் செத்தவன் யார் என்பதையே நூறு பக்கத்துக்கு இழுக்கலாம்.

கொலைக்கு நோக்கமும் இந்த வரலாற்றிலேயே கிடக்கிறது. பாடகருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கையில் வைத்து அனுப்பிவிடுவார்கள். உரிமை பெரும்பாலும் வேறு யாருடைய பெயரிலோ போகும். அதே தட்டுக்கு இன்றைக்கு என்ன விலை? 2013இல் டொமி ஜோன்சனுடைய தட்டு ஒன்று இணைய ஏலத்தில் 37,100 டொலருக்குப் போனது. பாடியவருக்குக் கிடைத்த சில டொலருக்கும் அந்த 37,100க்கும் இடையில் இருக்கிற தூரத்தில்தான் உங்கள் கொலைகாரன் நிற்க வேண்டும்.

ஆனால் நான் எல்லோருக்கும் காட்டுகிற முன்மாதிரி ஒரு கொலை இல்லை, ஒரு தேடல். மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் 1928இல் சில தட்டுகள் பாடிவிட்டுக் காணாமல் போனவர். செத்துவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். ஒரு பாட்டில் அவலோன் என்பது தன் ஊர் என்று பாடியிருந்தார். தற்கால வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. டொம் ஹொஸ்கின்ஸ் என்ற இளைஞர் பழைய அட்லஸ் ஒன்றில் அந்த ஊரைப் பிடித்து, 1963இல் அங்கே போனார். ஹேர்ட் அங்கேயேதான் இருந்தார், பண்ணை வேலை செய்துகொண்டு. முப்பத்தைந்து வருசமாக விலாசம் தட்டிலேயே இருந்தது. கேட்டவர்களுக்குத்தான் அது விலாசம் என்று படவில்லை. இதுதான் ப்ளூஸ் துப்பறியும் கதையின் இலக்கணம்: தடயம் பாட்டுக்குள்ளே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும்.

சந்திப் பேயை விட்டுவிடுங்கள்

நள்ளிரவில் நாற்சந்திக்குப் போய்ப் பேயிடம் ஆன்மாவை விற்றுக் கிற்றார் வித்தை வாங்கிய கதையை எழுத வேண்டாம். எல்லோரும் எழுதிவிட்டார்கள். நம் வாசகருக்குச் சந்தி, முனி எல்லாம் பழக்கம் என்பதால் கை அங்கேதான் இழுக்கும். அடக்குங்கள். இன்றைக்கு அந்தக் கதையை றொபேர்ட் ஜோன்சன் என்ற மிசிசிப்பிப் பாடகர் தலையில் கட்டுகிறார்கள். டொமி ஜோன்சன் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னதாக அவருடைய தமையன் லெடெல் ஒரு ஆய்வாளரிடம் சொன்னதுதான் அதற்கு மூத்த வாக்குமூலம். இரண்டு ஜோன்சன்களுக்கும் சொந்தம் கிடையாது. பேயை விட, ஒருவர் கதை இன்னொருவருக்கு எப்படி மாறியது என்பதுதான் துப்பறிகிறவருக்கு வேலை.

றொபேர்ட் ஜோன்சனின் சாவிலும் என்னைப் பிடித்து நிறுத்துவது பேய் அல்ல, ஒரு கடதாசி. அவர் 1938 ஆகஸ்ட் 16இல் கிரீன்வூட் பக்கத்தில் 27 வயதில் இறந்தார். பொறாமை பிடித்த கணவன் ஒருவன் விஸ்கியில் நஞ்சு கலந்தான் என்பது ஊர்க்கதை. அவருடைய மரணச் சான்றிதழை 1968இல் கேல் டீன் வோர்ட்லோ என்ற ஆய்வாளர் தேடிப் பிடித்தார். மரணத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘வைத்தியர் இல்லை’ என்று இருக்கிறது. பின்பக்கத்தில் ஒரு குறிப்பு: மேகநோயாக (சிபிலிஸ்) இருக்கலாம் என்று தோட்டத்து வெள்ளைக்காரர் சொன்னதாக. புதைத்த இடம் என்று மூன்று மயானங்களில் கல் நட்டிருக்கிறார்கள்.

கோட்டில் இப்படிப்பட்ட பத்திரங்களை எத்தனையோ தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன். மரணச் சான்றிதழில் இருப்பது மரணத்தைப் பற்றிய உண்மை என்று நினைக்கக் கூடாது. பதிவு செய்யப் போனவர் என்ன சொன்னார், எழுதினவர் எதை எழுதத் துணிந்தார் என்பதுதான் அதில் இருக்கும். உங்கள் துப்பறிகிறவர் ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது தகவல் கொடுத்தவர் பெயர். பிறகுதான் மற்றது.

வாய்க்கதையையும் இதே மாதிரிப் பிடியுங்கள். பெஸி ஸ்மித் என்ற ப்ளூஸ் பாடகி 1937 செப்டெம்பர் 26இல் கிளாக்ஸ்டேல் பக்கத்துப் பெருந்தெருவில் கார் விபத்தில் அடிபட்டு இறந்தார். வெள்ளையர் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்ததால்தான் செத்தார் என்று ஒரு சஞ்சிகையில் வந்தது. அது நடக்கவில்லை, அவரை நேரே கறுப்பின மக்களின் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆனால் மறுப்பு எவ்வளவு வந்தும் முதல் கதை சாகவில்லை. ஏன்? அந்த ஊரில் அப்படி நடந்திருக்கக்கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். நம்பத்தக்க பொய்யை எப்படிக் கட்டுவது என்று படிக்க வேண்டுமென்றால் இந்த ஒரு சம்பவம் போதும்.

நஞ்சு வேண்டும் என்றால் 1930ஐப் பாருங்கள். மதுவிலக்குக் காலத்தில் ‘ஜேக்’ என்று சொல்லி மருந்துக்கடை இஞ்சிச் சாரத்தைக் குடித்தார்கள். அதில் ஒரு தொழிற்சாலை இரசாயனம் கலந்துபோக, பல்லாயிரம் பேருக்குக் கால் விழுந்தது. பாதத்தைத் தொப்புத் தொப்பென்று போட்டு நடக்கிற ஒரு நடை. அதே ஆண்டிலேயே அதைப் பற்றிய பாட்டுகள் தட்டில் ஏறிவிட்டன. கசிப்பு வழக்குகள் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஒருவனுடைய நடையை வைத்து அவன் எந்த ஆண்டில் எந்தக் குடிக்கடையில் இருந்தான் என்று சொல்லிவிடலாம். இதை இன்னும் யாராவது நன்றாக எழுத வேண்டும்.

திருமலைக்கு எப்படி வரும்?

இது எங்களுக்கு வாய்த்த அதிட்டம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரர் குண்டு போட்டு, சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்து, சனம் ஊரை விட்டு ஓடியது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிந்திய ஒரு விஷயத்தை ஆட்கள் அவ்வளவாகக் கதைப்பதில்லை. 1944 மார்ச் 31இல் சரட்டோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் மூன்று நாசகாரிக் கப்பல்களோடு திருகோணமலைக்கு வந்தது. பிரித்தானியக் கீழைத்தேயக் கப்பற்படையோடு சேர்ந்து ஜப்பான்காரர் பிடித்து வைத்திருந்த சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தை ஏப்ரல் 19இல் தாக்கியது. மே மாதம் ஜாவாவின் சுரபாயாவைத் தாக்கிவிட்டுத் திரும்பிப் போனது. உங்கள் கதைக்கு அந்த ஏப்ரல் மாதம் போதும்.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் அதிகாரிகளின் சாப்பாட்டு மேசையையும் அறைகளையும் பார்க்கிற வேலையில்தான் இருந்தார்கள். 1942 ஜூனில் மற்ற வேலைகளையும் திறந்துவிட்டார்கள், ஆனால் கப்பலில் நிலைமை மெல்லத்தான் மாறியது. ஆகவே உங்கள் கப்பற்காரன் பீரங்கி வீரன் அல்ல, அதிகாரியின் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவன். அது நல்லது. அதிகாரிகளுக்கு நடுவே கண்ணில் படாமல் நடமாடுகிறவன்தான் துப்பறியும் கதைக்கு வேண்டிய ஆள். மிசிசிப்பியில் பிறந்தவன், வீட்டிலிருந்து ஒரு தட்டைச் சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான் என்று வையுங்கள். கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். ஏன் கொடுத்தான், ஏன் திரும்பி வாங்கவில்லை என்பது நாவல்.

யாரிடம் கொடுத்தான்? என் பிரதியில் பாலையூற்றில் வயலின் வாசிக்கிற ஒரு பறங்கியரிடம் (போர்த்துக்கேயர் வழி வந்தவர்). காப்ரிஞ்ஞா, பைலா என்ற அவர்களுடைய ஆட்டப் பாட்டுகளை வாசிக்கிற வீடுகள் அங்கே உண்டு. ஒரு வாத்தியக்காரனை இன்னொரு வாத்தியக்காரன் தேடிப் போவதற்குப் பாஷை தேவையில்லை. நீங்கள் வேறு ஆளை வைக்கலாம்: டொக்யாட் வீதியில் சலவைக்காரர், உட்துறைமுக வீதியில் சாப்பாட்டுக் கடைக்காரர். யாராக இருந்தாலும் தட்டை வாங்குவதற்கு அவருக்குச் சொந்தக் காரணம் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். மிசிசிப்பியில் நடந்ததை மிசிசிப்பியிலேயே விடுங்கள். பருத்தித் தோட்டத்தை மூதூர் வயலாக மாற்றி, அங்கத்தைய துயரத்தை நம்முடையதாக்கி, ‘ப்ளூஸ் என்பது நம்முடைய ஒப்பாரிதான்’ என்று ஒரு பாத்திரத்தைக் கொண்டு சொல்ல வைக்காதீர்கள். அப்படிச் சொன்னவுடன் இரண்டும் செத்துவிடும்.

தட்டைக் கையில் எடுங்கள்

தடயங்களைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இதில்தான் ருசி. பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் பூச்சியிடமிருந்து எடுத்தது. போர்க்காலத்தில் அரக்குத் தட்டுப்பாடு வந்து, அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வாங்கி அரைத்தார்கள். படைவீரருக்கென்று 1943இலிருந்து 1949 வரை தனியாக வெளியிட்ட ‘வி’ தட்டுகளை வினைல் பிளாஸ்ரிக்கில் செய்தார்கள். போர் முடிந்த பிறகு அவற்றை அழித்துவிடச் சொன்னார்கள்.

இந்த ஒரு பந்தியிலிருந்து எத்தனை தடயம் வருகிறது என்று பாருங்கள். ‘வி’ தட்டு பன்னிரண்டு அங்குலம், சாதாரண ப்ளூஸ் தட்டு பத்து அங்குலம். செத்தவர் வீட்டில் இருப்பது பன்னிரண்டு அங்குல உறை, உள்ளே இருப்பது பத்து அங்குலத் தட்டு. அப்படியென்றால் அந்த உறைக்குரிய தட்டு எங்கே? இந்தத் தட்டுக்குரிய உறை யார் வீட்டில்?

அடுத்தது ஸ்பிரிட். அரக்கு அற்ககோலில் கரையும், வினைல் கரையாது. கொழும்பிலிருந்து வந்த ‘சேகரிப்பாளர்’ ஒருவர் பழைய தட்டைப் பார்த்ததும் பையிலிருந்து ஸ்பிரிட் எடுத்துப் பஞ்சால் துடைக்கிறார். பஞ்சு கறுப்பாகிறது, தட்டின் பளபளப்பு மங்குகிறது. அந்த நிமிடமே அவர் போலி என்று தெரிந்த வாசகருக்குத் தெரியும். தெரியாத வாசகருக்கு நூறு பக்கம் கழித்துத் தெரியும். இதையே இன்னொரு முறுக்கு முறுக்கலாம்: அவருக்கு எல்லாம் தெரியும், தட்டின் நடுவில் இருக்கிற இலக்கத்தை அழிக்கத்தான் அப்படித் துடைத்தார்.

அந்த இலக்கம் என்ன? பாட்டு முடிகிற இடத்துக்கும் நடு லேபலுக்கும் இடையில் ஒரு வெறும் வளையம் இருக்கும். அதில் பதிவு இலக்கத்தைக் கீறியிருப்பார்கள். நேரே பார்த்தால் தெரியாது. டோர்ச் லைட்டைத் தட்டோடு ஒட்டிச் சரித்துப் பிடித்து, தட்டை மெல்லச் சுற்றினால் கீறல் நிழலாக எழுந்து வரும். பரமவுண்டின் கிராப்டன் பதிவுகளில் இலக்கத்துக்கு முன்னால் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். லேபலைப் பிய்த்து வேறு ஒட்டலாம், கீறின இலக்கத்தை மாற்றுவது கஷ்டம். எங்கள் ஊர்க் கரன்ட் கட்டில் இந்தக் காட்சியை எழுதிப் பாருங்கள், இருட்டு இலவசம்.

ஊசியையும் மறக்க வேண்டாம். இரும்பு ஊசி, ஒரு பக்கம் ஓடியவுடன் மாற்ற வேண்டும். கடற்காற்றில் அது துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது. ‘அப்பா இந்தப் பெட்டியைத் தொட்டு வருசக்கணக்காச்சு’ என்று மகன் வாக்குமூலம் கொடுக்கிறான். ஊசியின் முனை தேய்ந்து, துருவில்லாமல் மினுங்குகிறது. மேற்கொண்டு ஒரு வரியும் எழுதத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் நல்ல தடயம் பாலையூற்றில் ஒரு பெரியவரிடமிருந்து கிடைத்தது. கொலை நடந்த இரவு பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே பாட்டு திரும்பத் திரும்பக் கேட்டது என்ற காட்சியை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வயலினுக்கு நாண் மாற்றிக்கொண்டே கேட்டவர் தலையை நிமிர்த்தினார்.

“எத்தனை மணிக்குச் செத்தவன் எண்டு சொன்னீர், பிள்ளை?”

“எட்டு மணி போல, அங்கிள்.”

“பாட்டு?”

“ஒன்பது மட்டும் கேட்டது.”

“ஒரு பக்கம் மூண்டு நிமிசம்தானே ஓடும். செத்தவன் எழும்பி வந்தே ஊசியைத் தூக்கி வைச்சவன்? சாவி வேற குடுக்கோணும்.”

சாவி கொடுக்கிற கிராமபோனில் ஒரு பாட்டு ஒரு மணித்தியாலம் கேட்டது என்றால் பக்கத்தில் ஒரு கை இருந்தது. அந்தக் கை ஏன் போகாமல் நின்றது? அந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டும் எதைப் பிடிக்க முயன்றது? இந்த இரண்டு கேள்விதான் இப்போது என் நாவலின் நடுப்பகுதி.

பாட்டைத் தமிழில் கேட்கச் செய்வது

உண்மையான பாட்டுகளின் வரிகளைத் தூக்கிப் போடாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். மற்றவருடைய வரியில் உங்களுக்கு வேண்டிய தடயத்தை வைக்க முடியாது. சொந்தமாகக் கட்டுங்கள். மிகப் பரவலான வடிவம் எளிது: ஓர் அடி, அதே அடி மறுபடி, பிறகு இரண்டுக்கும் பதிலாக ஒரு மூன்றாம் அடி. பாடுகிறவர் முதல் அடியைத் திருப்பிச் சொல்கிற நேரத்தில் அடுத்ததை யோசித்துக்கொள்கிறார். கேட்கிறவருக்கும் அது காத்திருக்கிற நேரம். நான் கட்டினது ஒன்று:

கோட்டை வாசலில மான் நிக்குது, ஆளைக் கண்டும் அசையுதில்ல,
அடியே, கோட்டை வாசலில மான் நிக்குது, ஆளைக் கண்டும் அசையுதில்ல,
அதுக்குப் பழத்தோல் போட ஆளிருக்கு, என்னைத் தேடத்தான் ஆளில்ல.

பிரட்றிக் கோட்டை மானைப் பார்க்காத ஆள் இந்த ஊரில் இல்லை. இதை மிசிசிப்பிக்காரன் பாடமாட்டான். அவனிடம் மெட்டையும் வடிவத்தையும் கேட்டுப் பிடித்த பாலையூற்று வாலிபன் பாடுகிறான். அது அவன் வீட்டில் தாலாட்டாக இறங்கி, எண்பது வருசம் கழித்துப் பேத்தி வாயில் இருக்கிறது. நம் தாலாட்டில் இந்தத் திருப்பம் இருக்காது. அதைக் கேட்ட ஒரே காரணத்தால் துப்பறிகிறவருக்கு அந்தத் தட்டு இந்த வீட்டில் ஓடியது என்று தெரிகிறது. அவலோன் பாட்டில் ஊர் இருந்த மாதிரி இங்கே வடிவமே சாட்சி.

இரண்டாவது அடியில் இன்னொரு வேலையும் பார்க்கலாம். திருப்பிப் பாடும்போது ஒரு சொல்லை மாற்றுங்கள். முதலில் ‘கோட்டை வாசலில’, மறுபடி வரும்போது ‘கோட்டைப் பின்னால’. திருப்பித்தானே பாடுகிறான் என்று வாசகர் கண் தாண்டிப் போய்விடும். ஒரே பாட்டை இரண்டு முறை பதிவு செய்து வைக்கும் வழக்கமும் இருந்தது. றொபேர்ட் ஜோன்சனின் 29 பாட்டுகளுக்கு 42 பதிவுகள் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு பதிவில் ஒரு சொல் வித்தியாசம், கடைக்கு வந்தது ஒன்று, ஒளித்து வைத்தது மற்றது என்றால் உங்களுக்கு ஒரு அத்தியாயம் ஆயிற்று.

தாளத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். விடியற்காலையில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய் நில்லுங்கள். ஒருவர் அம்பா (வலை இழுக்கிற பாட்டு) எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கி, வாங்குகிற அந்தக் கணத்தில் கயிற்றை இழுப்பார்கள். மிசிசிப்பியின் பாச்மன் சிறையில் கைதிகள் கோடரி வீசும்போது பாடியதை அலன் லோமக்ஸ் என்ற நாட்டார் பாட்டுச் சேகரிப்பாளர் 1947இல் பதிவு செய்தார். அவை இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. இரண்டையும் கேட்டால் பாட்டு எங்கே நிற்க, கை எங்கே இறங்குகிறது என்று பிடிபடும். வசனத்தை அந்த இடைவெளியோடு எழுதுங்கள். சுவரம், கட்டை என்று விளக்கப் போகாதீர்கள், வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

யார் விசாரிப்பது?

இலங்கையில் தொப்பி போட்ட தனியார் துப்பறிவாளர் கதையில்கூடச் செல்லாது. சந்தேகமான சாவு என்றால் பொலிஸ் வரும், திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ வருவார், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். இந்த வரிசையை மதியுங்கள். உங்கள் ஆள் அதன் ஓரத்தில் நிற்கட்டும். என் நாவலில் ஓய்வுபெற்ற ஒரு ஆவணக் காப்பு எழுதுவினைஞர். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியான ஓஐசியை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார், அவர் ‘ஐயா இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கோ’ என்று திருப்பிக் கேட்பார். பழைய கடதாசி வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதுதான் அவருக்கு இருக்கிற அதிகாரம். குரல் உயர்த்துகிற விசாரணைக் காட்சி வேண்டாம். நிசக் கோட்டில் சாட்சி உடைவது சத்தத்தில் இல்லை. கேட்காத ஒரு விபரத்தைத் தானாகச் சொல்கிற இடத்தில்தான்.

உண்மையான ஆட்களும் பொய்யான பெயர்களும்

றொபேர்ட் ஜோன்சனைக் கொன்றது யாரென்று உங்கள் நாவலில் கண்டுபிடிக்காதீர்கள். அவருடைய மகன் என்று உரிமை கேட்ட குளோட் ஜோன்சன் 1931இல் பிறந்தவர், மணல் கல்லு லொறி ஓட்டியவர். 1998இல் மிசிசிப்பி நீதிமன்றம் அவரை வாரிசாக ஏற்று, 2000இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தாயின் சிநேகிதி ஒருவர் முதுமையில் கூட்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அந்த வழக்கை வாசித்த பிறகு, யாரோ ஒருவருடைய தகப்பனின் சாவை என் இஷ்டத்துக்கு முடித்துவைக்க எனக்குக் கை வராது. சரித்திர ஆட்கள் தூரத்தில் போகட்டும், பெயர் சொல்லப்படட்டும். கொல்கிறவரும் சாகிறவரும் நீங்கள் படைத்தவர்களாக இருக்கட்டும்.

படைத்த பாடகருக்குப் பெயர் வைக்கும்போதும் அவசரப்பட வேண்டாம். ‘குருட்டு’, ‘சின்ன’, ‘பெரிய’ என்று அடைமொழி போட்டுத் தொடங்கினால் அதே பெயரில் உண்மையில் ஒருவர் பாடியிருக்கக்கூடும். அமெரிக்காவின் பழைய ஒலிப்பதிவுகளுக்கான பட்டியலை கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடுங்கள். தட்டு இலக்கத்தையும் தேடுங்கள். பரமவுண்டின் இந்த வரிசை 12000களிலும் 13000களிலும் ஓடியது. உண்மையான ஒருவரின் இலக்கத்தை எடுத்து உங்கள் ஆளுக்குக் கொடுத்தால் விஷயம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடுவார். கதைக்குள்ளேயே இலக்கத்தின் கடைசி இரண்டு எண் ஸ்பிரிட்டில் அழிந்துபோனதாக வைத்துக்கொண்டால் இந்தத் தலையிடியும் இல்லை, கொலைகாரன் எதற்காகத் துடைத்தான் என்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கும்.